டிரைவர் சீட்டின் வலது ஓரம்

அந்தத் தையலைத்தானே பார்க்கிறீர்கள்? நன்றாகக் குனிந்தே பாருங்கள். ஒளிக்கிறதற்கு ஒன்றும் இல்லை. போட்டோவில் அது தெரியாது. என் மகள் தாரிணி புனேயில் உட்கார்ந்துகொண்டு, எங்கே நிற்க வேண்டும், கதவை எவ்வளவு திறக்க வேண்டும் என்றெல்லாம் போனில் சொல்லி, அந்த ஓரம் மட்டும் விழாத மாதிரி எடுக்க வைத்தாள். "நேர்ல வந்தா தெரியத்தானேடி போகுது" என்றேன். "முதல்ல நேர்ல வரட்டும்மா" என்றாள். அவளுக்கு வியாபார புத்தி. அப்பா மாதிரி இல்லை.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்கள் மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டார், அரை மணி நேரத்துக்கு வெளியே வரமாட்டார். காபி எடுத்துக்கொள்ளுங்கள். டீத்தூள் தீர்ந்துபோயிற்று. காலி செய்கிற வீட்டுக்குப் புதிதாக எதற்கு வாங்குவது? வெள்ளிக்கிழமை காலையில் தாரிணி வருகிறாள், லாரியும் வருகிறது. நான் அவளோடு புனே போகிறேன். சனிக்கிழமை இங்கே குடித்தனக்காரர் வருகிறார். அவரிடம் இரண்டு வண்டி. இந்த இடம் காலியாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் வெள்ளிக்குள் இது போயாக வேண்டும். ஓட்டத் தெரியாதவளுக்கு வண்டி எதற்கு? நீங்களே சொல்லுங்கள்.

பேர் என்ன சொன்னீர்கள்? ஷர்மிளா. பேங்கில் வேலை. நீங்களே ஓட்டுவீர்கள், இல்லையா? நல்லது. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். யாரும் உங்களுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

எட்டு வருஷத்துக்கு முன், அவர் ரிட்டயர் ஆனபோது வாங்கியது. என் வீட்டுக்காரர் ஞானசம்பந்தம். கோபம் வந்தால் நான் 'மிஸ்டர் ஞானசம்பந்தம்' என்று கூப்பிடுவேன். வாரத்தில் நாலு நாள் மிஸ்டர்தான். தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் டிராயிங் போர்டு முன்னால் நின்றவர். எதையும் வாய்விட்டுக் கேட்கத் தெரியாத மனிதர். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூடச் சொல்லமாட்டார், ஊறுகாயை ஒரு தடவை கூடப் போட்டுக்கொள்வார், நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்றே ஒன்று இந்த லெதர் சீட். "துணி சீட்டுன்னா இன்னும் சீக்கிரம் டெலிவரி கிடைக்குமாம்" என்றேன். "லெதரே இருக்கட்டும் வத்சி" என்றார். சரி, இருக்கட்டும் என்றேன்.

ஷோரூமிலேயே எல்லா சீட்டுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் கொடுத்தார்கள். அதைக் கழற்ற நான் விடவில்லை.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் இல்லையா? எங்கள் டிவி ரிமோட் இன்னும் உறையோடுதான் இருக்கிறது, நம்பரெல்லாம் நேற்று வாங்கினது மாதிரி. லெதர் என்பது பழுப்பும் இல்லாத வெள்ளையும் இல்லாத ஒரு நிறம், சுண்டக் காய்ச்சின பால் நிறம். ஒரு ஈரக்கை பட்டால் போயிற்று. அதனால் இருக்கட்டும் என்றேன். திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். சித்திரையில் அந்த பிளாஸ்டிக்கில் உட்கார்ந்து எழுந்தால் தோலை உரித்துக்கொண்டு எழுகிற மாதிரி சத்தம் வரும். அவருக்கு முதுகு பூராவும் வேர்க்குரு. "ஒரு நாள் கழட்டிப் பாக்கலாமா வத்சி?" என்று கேட்பார். "தாரிணி கல்யாணத்துக்குக் கழட்டலாம்" என்றேன். கல்யாணத்துக்கு வண்டிக்குப் பூ அலங்காரம் பண்ணினார்கள், பூவும் தண்ணீரும் சொட்டச் சொட்ட. அன்றைக்கு யாராவது கழற்றுவார்களா? அப்புறம் பேத்தி பிறந்தாள். கைக்குழந்தை வண்டியில் ஏறினால் என்னென்ன செய்யும் என்று தெரியாதா? "அவ கொஞ்சம் பெரிசாகட்டும்" என்றேன். அவ்வளவுதான். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் வேண்டாமா?

அவர் ஒரு துண்டு போட்டுக்கொண்டார். பச்சைக் கரை போட்ட ஈரோட்டுத் துண்டு. சீட்டில் விரித்து, வலது ஓரத்தில் கதவுப் பக்கமாகத் தொங்கவிட்டிருப்பார். லாரி டிரைவர் மாதிரி. "உங்க தகுதிக்கு இந்தத் துண்டு நல்லாவா இருக்கு?" என்று கேட்டிருக்கிறேன். அதைத் துவைக்க எடுத்தால்கூட விடமாட்டார், தானே துவைத்துத் தானே விரித்துக்கொள்வார். மற்ற எந்தத் துணியையும் துவைத்ததில்லை. எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

போகட்டும். வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஓட்டம் மிகவும் குறைவு. நீங்களே மீட்டரைப் பார்த்தீர்கள். ஏன் குறைவு தெரியுமா? நிற்கிற நேரம்தான் அதிகம். என்னைத் தெப்பக்குளத்துப் பக்கம் புடவைக் கடையில் இறக்கிவிடுவார், நிழல் தேடிப் போய் நிறுத்துவார். "பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போவேன். புடவைக் கடையில் பத்து நிமிஷத்தில் வெளியே வந்த பெண்பிள்ளை உண்டா? கான்வென்ட் பழைய மாணவிகள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மீட்டிங் முடிந்து, கணக்கு நோட்டு ஒப்படைத்து, நாலு பேரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தால் மாமரத்தடியில் வண்டி நிற்கும். உள்ளே உட்கார்ந்திருப்பார். பேப்பர் படிக்கமாட்டார். பாட்டுக் கேட்கமாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார். "ரொம்ப நேரமாச்சா?" என்றால் "இல்லையே" என்பார்.

ஒரு தடவைகூட ஹாரன் அடித்ததில்லை. எட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைகூட. என் நாத்தனார் வீட்டுக்காரர் அடிக்கிற அடியில் தெருவே எழுந்து நிற்கும், அவள் தலையை வாராமல் ஓடிவருவாள். அது மரியாதை இல்லைதான். ஆனால் அடித்தால்தானே ஒருத்தர் காத்திருக்கிறார் என்பது உள்ளே இருக்கிறவளுக்குத் தெரியும்? எனக்கு அவர் மேல் இருக்கிற வருத்தம் இது ஒன்றுதான். மனிதர் போய்விட்டார் என்பதற்காக நான் மாற்றிச் சொல்லமாட்டேன்.

பங்குனி மாதம். காலை ஏழரை மணி. இட்லி சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார். "மார்ல ஒரு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார். போயிட்டு வந்துடலாம் என்றார், கேட்டீர்களா? கேபிள் பில் கட்டப் போகிற மாதிரி. ஆம்புலன்ஸ் கூப்பிடலாம் என்றேன். "அது வர்றதுக்குள்ள நாம போயிடலாம். நீ பூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் நைட்டியில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு நைட்டியிலா போவது? புடவை கட்டினேன். கேஸை மூடினேன். இட்லியை எடுத்து மூடிவைத்தேன், பூனை வரும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தப் பின்பக்கம் போனேன். பின்கதவைப் பூட்டினேன். இன்ஷூரன்ஸ் அட்டையைத் தேடினேன், அது அவர் பர்ஸிலேயே இருந்திருக்கிறது, எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் சேர்த்து ஒரு பத்து நிமிஷம். பத்து நிமிஷம்தான் இருக்கும். அன்றைக்கும் அவர் ஹாரன் அடிக்கவில்லை.

வந்து ஏறினேன். "ஏன் இவ்ளோ வேர்க்குது உங்களுக்கு?" என்றேன். "பிளாஸ்டிக்" என்றார். அவரே ஓட்டினார். சிக்னலில் நின்றார். இன்டிகேட்டர் போட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு இறங்கலாம் என்று நான் கத்துகிறேன், ரிவர்ஸ் எடுத்து, கோட்டுக்குள் நேராக நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்தார். நடந்து உள்ளே போனார். மத்தியானம் பன்னிரண்டே காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் நல்ல மனிதர். "பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தாலும் பெருசா மாறியிருக்காதும்மா" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். மறுநாள் சர்டிபிகேட் விஷயமாகப் பார்த்தபோதும் சொன்னார். அடுத்த வாரம் ரிப்போர்ட் வாங்க நானே போனேன், அப்போதும் அதையேதான் சொன்னார். மாற்றிச் சொல்கிறாரா என்று பார்த்தேன். மாற்றவில்லை.

நான் அழவில்லை என்று எங்கள் வீட்டில் பெரிய பேச்சு. நாத்தனார் பந்தலில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "அண்ணி இங்கிலீஷ் படிச்சவங்க, உள்ளுக்குள்ளதான் அழுவாங்க" என்றாள். உள்ளுக்குள்ளும் இல்லை என்று சொன்னால் நம்புவாளா? பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அது நம்முடைய கன்னம் மாதிரியே இருக்காது இல்லையா? அதுதான். அதை ஒன்றும் நான் குறையாகச் சொல்லவில்லை. வேலையெல்லாம் நடந்தது. வந்தவர்களுக்குக் காபி போயிற்று. வாடகை நாற்காலி எண்ணிக்கை சரியாக இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்ததும் தாரிணி பேச்சை ஆரம்பித்தாள். வீட்டை வாடகைக்கு விடலாம், வண்டியை விற்கலாம், நீ என்னோடு வா. சரி என்றேன். எதைச் சொன்னாலும் சரி என்றேன். விற்கிற வண்டியைப் பளிச்சென்று காட்ட வேண்டாமா? அவள் புனே போன மறுநாள் உறைகளைக் கழற்றினேன். ஒவ்வொன்றாக, கத்தரிக்கோலால் வெட்டி.

எப்படி இருந்தது என்கிறீர்கள்? எட்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்த சீட்டு. எங்கே பார்த்தாலும் வெள்ளையாகப் பூஞ்சை. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பிளாஸ்டிக்கில் இருந்த கட்டம் கட்டமான அச்சு லெதரில் அப்படியே இறங்கியிருக்கிறது. நான் உட்கார்கிற இடதுபக்க சீட்டு, பின் சீட்டு, எல்லாம். இப்போது நீங்கள் பார்க்கிறது நான் பதினைந்து நாள் துடைத்த பிறகு.

கடைசியாக டிரைவர் சீட்டுக்கு வந்தேன். அந்தப் பச்சைக் கரைத் துண்டை எடுத்தேன். வலது ஓரத்தில், கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் கை தொங்குகிற இடம் இருக்கிறதே, அங்கே உறையில் ஒரு ஓட்டை. ரூபாய் நாணயம் அளவு. விளிம்பெல்லாம் விரல் பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கிறது. அதை மூட செலோடேப். பழுத்துப்போன பழைய டேப், அதன் மேல் புதுசு, அதன் மேல் இன்னும் புதுசு. பிரித்துப் பிரித்து ஒட்டியிருக்கிறார். நான் வருவதற்கு முன்னால் ஒட்டி, துண்டை இழுத்துவிட்டு மூடியிருக்கிறார். அறுபத்தைந்து தாண்டின மனிதர், பீரோவில் இருக்கிற பிஸ்கட்டைத் திருடுகிற குழந்தை மாதிரி. வண்டிக்குள் உட்கார்ந்து இவ்வளவு நேரமும் இந்த வேலைதான் பார்த்திருக்கிறார்! உள்ளே லெதர் அந்த ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் கறுத்து, மெழுகு போட்ட மாதிரி மின்னியது. அதன் நடுவில் தொடங்கி நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல். உள்ளே இருக்கிற பஞ்சு தெரிகிறது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எட்டு வருஷம் காப்பாற்றினது எதற்கு?

பாலக்கரையிலிருந்து சிராஜுதீன் என்று ஒருவரை வரவழைத்தேன். சீட்டு தைக்கிறவர், என் வயசு இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டுதான் பேசுவார். எல்லாச் சீட்டையும் தடவிப் பார்த்தார். "காத்துப் படாம வேர்த்து வேர்த்து வெந்துபோச்சும்மா. இதோ, இந்த ஓட்டை இருந்த இடம் ஒண்ணுதான் நல்லாருக்கு, கை பட்டுக்கிட்டே இருந்திருக்கு" என்றார். நான்தான் அடுப்பில் ஏற்றி வேகவைத்த மாதிரி. "நல்லா இருக்கிற இடம் ஏன் கிழிஞ்சுது?" என்று கேட்டேன். விட்டுவிடுவேனா?

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது தேஞ்சு கிழிஞ்சது இல்லம்மா. தேஞ்சது பழசு. கிழிஞ்சது புதுசு. விளிம்பு வெள்ளையா இருக்கு பாருங்க, அழுக்கே ஏறல. மூணு வாரம்கூட இருக்காது. விரலை உள்ள விட்டு, கெட்டியாப் பிடிச்சு இழுத்திருக்காங்க. நல்ல பலமா." நிமிர்ந்து, "யாரும்மா ஓட்டுறது?" என்றார்.

"அவர் தவறிப்போய் இருபது நாள் ஆகுது" என்றேன்.

சிராஜுதீன் கையில் இருந்த அளவு டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், "கிழிஞ்ச இந்தத் தோலை வெட்டி எடுத்துட்டுப் புதுசு வச்சுடறேம்மா. பழசை நானே எடுத்துட்டுப் போயிடறேன். இது உங்க கண்ணுல படவேண்டாம்."

"என் கண்ணுல என்ன படணும்னு நீங்க சொல்லாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆட்டோவுக்கு மட்டும் கொடுத்தேன், வாங்கமாட்டேன் என்றார், சட்டைப்பையில் திணித்தேன். அவருக்கு என்ன தெரியும்? லெதர் என்றால் ஒரு நாள் கிழியத்தான் கிழியும். மட்டமான லெதர். அவ்வளவுதான்.

நானே சரி செய்வது என்று உட்கார்ந்தேன். தாரிணி ஆன்லைனில் ஒரு பெட்டி அனுப்பினாள். பசை, ஒட்டுத்துணி, மேலே பூச மாவு மாதிரி ஒன்று, ஏழு நிறம், ஒரு குறிப்புத்தாள். அந்தத் தாளில் இங்கிலீஷ் பிழை மட்டும் நாலு. பென்சிலால் திருத்தி வைத்தேன். பழக்கம். அதில் சொன்னபடிதான் செய்தேன். பிசிறை வெட்டினேன், சாமணத்தால் ஒட்டுத்துணியைக் கிழிசலுக்குள் செருகி நீவிவிட்டேன், பசை வைத்தேன், மேலே அரிசி டப்பாவைப் பாரமாக வைத்தேன். மறுநாள் டப்பாவை எடுத்தால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மறுபடி வைத்தேன், மறுபடி பிளந்தது. மூன்று நாள்.

தப்பு என் மேல்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். உறையைக் கழற்றினதும் பூஞ்சை போக வேண்டும் என்று எல்லாச் சீட்டுக்கும் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். தலைக்குத் தடவுகிற மாதிரி சூடு பறக்கத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. எண்ணெய் குடித்த தோலில் எந்தப் பசை நிற்கும்? இதெல்லாம் கான்வென்ட்டில் சொல்லித்தரவில்லை. ஸ்பிரிட் வைத்து ஒரு வாரம் துடைத்து எடுத்தேன். எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. வண்டிக்குள் ஏறினால் இப்போதும் லேசாகத் தேங்காய் எண்ணெய் வாசம் வருகிறதா? ஏ.சி. போட்டால் போய்விடும்.

கான்வென்ட்டில் சொல்லித்தந்தது தையல். சிஸ்டர் ஆன்செல்ம் என்று ஒருத்தி, ஊசி வேலை வகுப்பு எடுப்பாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் மார்க் போடுவாள். "முன்னாடி அழகா இருக்கிறது எல்லாராலயும் முடியும்" என்பாள். பசையைத் தூக்கி எறிந்துவிட்டு ஊசியை எடுத்தேன். நேர் ஊசி சீட்டுக்குள் போய்த் திரும்பி வராது. அதனால் ஒரு கெட்டி ஊசியைக் கேஸ் அடுப்பில் சிவக்கக் காட்டி, இடுக்கியால் வளைத்தேன். மூன்று ஊசி உடைந்தது, நாலாவது நிலா மாதிரி வளைந்தது. செருப்பு தைக்கிறவரிடம் மெழுகு நூல் வாங்கினேன். மீன்முள் தையல். இந்தப் பக்கம் ஒரு குத்து, அந்தப் பக்கம் ஒரு குத்து, ரொம்ப இழுக்கவும் கூடாது, தளர்வாக விடவும் கூடாது. இழுத்தால் பழைய லெதர் குத்தின இடத்திலேயே பிய்ந்துகொண்டு வரும்.

கதவைத் திறந்து வைத்து, தரையில் பாய் போட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்துதான் தைக்க முடியும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து தைக்க முடியாது, கை எட்டாது. நான் உட்காரவும் இல்லை. நாலு விரல் நீளம், ஆறு நாள். ஒரு நாளைக்கு ஒரு விரல்கூடப் போகவில்லை. பிரித்துப் பிரித்துத் தைத்தேன். தாரிணி போனில் கேட்டாள், "என்னம்மா, இன்னுமா தைக்கிற?" "உனக்குப் பின்பக்கம் பார்க்கத் தெரியாது" என்றேன். பக்கத்து வீட்டு லலிதா எட்டிப்பார்த்து, "விக்கப் போற வண்டிக்கு ஏன் மாமி இவ்ளோ மெனக்கெடறீங்க?" என்றாள். விற்கப்போகிற வண்டி என்றால் ஏனோதானோ என்று தைக்கிறதா? என்ன வளர்ப்போ.

ஊசி ஒரு தடவை இந்த ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. தெரியவே இல்லை. லெதரில் சிவப்பாகப் பட்ட பிறகுதான் விரலைப் பார்த்தேன். அதைத் துடைத்துவிட்டேன். தையலுக்குக் கீழே ஒரு சின்னப் பொட்டு இருக்கும், காபி என்று நினைத்துவிடாதீர்கள்.

நிறம் மட்டும் ஒத்துவரவில்லை. ஏழு நிறத்தையும் கலந்து பார்த்தேன். ஈரத்தில் சரியாக இருக்கும், காய்ந்தால் கறுத்துவிடும். கடைசியில் விட்டுவிட்டேன். தையல் தெரிந்தால் தெரியட்டும். ஆனால் கை வைத்துப் பாருங்கள். வைத்துப் பாருங்கள் சொல்கிறேன். இடறுகிறதா? கட்டைவிரலை இப்படி ஓட்டினால் ஒரு முடிச்சுகூடத் தட்டாது. தட்டாமல் இருக்க வேண்டும் என்றுதான் முடிச்சையெல்லாம் உள்ளே தள்ளினேன். யாராவது சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை அங்கேதான் போகும். அது மனித சுபாவம். எடுத்துவிடுங்கள், போதும்.

அதோ, உங்கள் மெக்கானிக் வந்துவிட்டார். என்ன சொல்கிறார்? என்ஜின் நன்றாக இருக்கிறதாம். இருக்காதா பின்னே? மாசத்துக்கு ஒரு தடவை அவரே எல்லாம் பார்ப்பார். பேட்டரி மட்டும் இறங்கியிருக்கிறதா? மூன்று மாசமாக நின்றால் இறங்கத்தான் செய்யும். தள்ளி ஸ்டார்ட் பண்ணிக் கொண்டுபோய்விடலாமா? சரி.

உங்களுக்கும் பிடித்திருக்கிறதா? நிஜமாகவா? தையல் பரவாயில்லையா? "இது அழகாத்தான் இருக்கு ஆன்ட்டி" என்று சும்மா முகத்துக்காகச் சொல்லவில்லையே? சந்தோஷம். உங்களைப் பார்த்தால் வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள்வீர்கள் என்றுதான் தோன்றுகிறது. விலையெல்லாம் தாரிணி பேசினபடியே இருக்கட்டும், நான் அதில் தலையிடுவதில்லை. பேப்பரெல்லாம் அவர் ஃபைல் போட்டு வைத்திருக்கிறார், தேடவே வேண்டாம். சாவி உள்ளே மாட்டியிருக்கிறது. இருங்கள், எடுத்துவருகிறேன்.

இல்லை, கிடைக்காமல் இல்லை. ஆணியில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே மளிகைக் கடை நாள்காட்டி மாட்டியிருக்கிறது, சாவியை எடுக்கும்போது கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு ராகு காலம். இப்போது மணி நாலே முக்கால். நான் இதெல்லாம் பார்க்கிறவள் இல்லை, பெண் பார்க்க வந்தபோதே எங்கள் அப்பாவிடம் சண்டை போட்டவள் நான். ஆனால் உங்களுக்காகச் சொல்கிறேன். புது வண்டி எடுக்கிறீர்கள், தனியாக ஓட்டுகிற பெண். எதற்கு வம்பு?

ஆறு மணிக்கு மேலா? ஆறு மணிக்கு விளக்கு ஏற்றிவிடுவேன். விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து தயிர்கூடக் கொடுக்கமாட்டார்கள், வண்டியைக் கொடுப்பார்களா? நாளைக்கு அஷ்டமி. செவ்வாய்க்கிழமை நவமி. அஷ்டமி நவமியில் யாராவது வண்டி எடுப்பார்களா, உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். புதன்கிழமை, இருங்கள், தாளைக் கிழித்தே கொண்டுவந்துவிட்டேன், புதன்கிழமை நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் நட்சத்திரம் என்ன? பூரமா? பாருங்கள், புதன்கிழமை பூரத்துக்குச் சந்திராஷ்டமம். கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்.

வியாழனா? வியாழனுக்கு இன்னும் பார்க்கவில்லை. நானே போன் செய்கிறேன். நீங்களாக வந்து நிற்க வேண்டாம்.

அட, முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? நான் கொடுக்கமாட்டேன் என்றா சொன்னேன்? வெள்ளிக்கிழமைக்குள் இதை அனுப்பியே ஆக வேண்டும், எனக்கு இல்லாத அவசரமா? ஆனால் இந்த வண்டியைப் பார்க்க வருகிற ஒருத்தருக்காவது நேரம் பார்த்து வரத் தெரிகிறதா என்றுதான் கேட்கிறேன். ஒருத்தர் கரிநாளில் வந்தார். இன்னொருத்தர் செவ்வாய்க்கிழமை உச்சிவேளையில். போன திங்கட்கிழமை வந்தவர், மொத்தப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, பாட்டிமையில், ஒன்றுக்கும் ஆகாத திதியில் வந்து நிற்கிறார்.

நீங்கள் நாலாவது ஆள்.